கூடத்துக் கட்டில்

அத்தியாயம் 11

மாமனார் ஜம்புலிங்கத்தின் காரியம் முடிந்து ஒன்பது நாளாகிவிட்டது. வந்த சொந்தக்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாடகைக்கு எடுத்த பாத்திரங்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போய்விட்டன. அயனம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவில் இருந்த அந்த வீட்டின் கூடத்தில், போகாமல் நின்றது ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றுதான்.

பெரியவர் மூன்றரை வருஷம் அதில்தான் படுத்திருந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தது. பேச்சு குழறி, பிறகு அதுவும் நின்று, கடைசியில் மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி இறங்கியது. அவரைத் திருப்பிப் போட்டது, துடைத்தது, துணி மாற்றியது எல்லாம் மருமகள் ராதிகா. அதற்காகத்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயத்த ஆடை எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷம் பார்த்த செக்கிங் வேலையை அவள் விட்டாள்.

அந்த வேலை போன புதன்கிழமை அவளைத் தேடித் திரும்பி வந்ததைப் பார்த்தோம். பழைய சூப்பர்வைசர் பொன்னம்மாள் போன் செய்து, செக்கிங்கில் ஆள் நிற்பதில்லை, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்துகொள் என்றாள். ராதிகா உடனே சரி என்றாள். இரவு சாப்பாட்டின்போது கணவன் பரந்தாமனிடம் சொன்னாள். அவன் ரசத்தைப் பிசைந்துகொண்டே "ம்" என்றான்.

அந்த "ம்"மைச் சம்மதம் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். இருபத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவனிடமிருந்து பல காரியங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இன்று சனிக்கிழமை. விடியற்காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து கூடத்துக்குப் போய், கட்டில் பக்கத்தில் நின்று, குனிந்து, அதன் பிறகுதான் திருப்பிப் போட அங்கே யாரும் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. அவர் போன நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. செத்துப்போனது மனசுக்குத் தெரிகிறது, முதுகுக்கும் கைக்கும் இன்னும் தெரியவில்லை. திரும்பப் படுத்தாலும் தூக்கம் வராது. டெட்டால் விட்ட தண்ணீரில் துணியைப் பிழிந்து கட்டில் கம்பிகளைத் துடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

ஏழரை மணிக்கு மகள் சௌம்யா எழுந்து வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செல்லை எடுத்தாள். ஆபீஸ் லீவு. இரண்டு நாளைக்கு முன்னால் அவள்தான் அம்பத்தூர்ப் பக்கத்து வாட்ஸப் குரூப்புகளில் படங்களைப் போட்டிருந்தாள். கட்டில், காற்று மெத்தை, வீல் சேர், கமோடு நாற்காலி, சலைன் மாட்டுகிற ஸ்டாண்டு, பிரிக்காத டயாப்பர் பாக்கெட்டுகள். எல்லாம் இலவசம். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

"ஒருத்தர் கமோடு சேர் வேற கலர்ல இருக்கான்னு கேக்கறாரும்மா."

"அப்புறம்?"

"இன்னொருத்தர் மூணாவது மாடியாம். கட்டில வீட்டுக்கே கொண்டாந்து மாட்டிக் குடுப்பீங்களான்றாரு. இந்தம்மா பாரு, சும்மா குடுக்கறீங்களே, எதுனா கொறையான்றாங்க. அதுல யாராவது செத்தாங்களான்னும் கேட்டிருக்காங்க."

"ஆமான்னு போடு."

"போட்டா வர மாட்டாங்கம்மா."

"வராட்டிப் போறாங்க. பொய் சொல்லி ஒருத்தர் தலையில கட்ட வேணாம்."

சௌம்யா போட்டாள். அந்த அம்மாளிடமிருந்து அதற்குப் பிறகு பதில் இல்லை.

கட்டில் கேட்டவர்கள் நிறையப் பேர். ராதிகா அவர்களில் பொறுக்கி எடுத்தது ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் பாஸ்கரன் என்ற மனிதரை. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலையாம். அவர் கட்டிலின் வயசையோ கம்பெனியையோ கேட்கவில்லை. ரெண்டு பக்கமும் தடுப்புக் கம்பி இருக்கா என்று மட்டும் கேட்டிருந்தார்.

"இவரு வீட்ல யாரோ உருண்டு விழுந்திருக்காங்க," என்றாள் ராதிகா. "இவருக்கே சொல்லிடு."

மூன்று மணிக்கு வண்டியோடு வருவதாகப் பதில் வந்தது.

எட்டரை மணிக்கு ராதிகாவின் போன் அடித்தது. நாத்தனார் சாவித்திரி, பூந்தமல்லியிலிருந்து.

"ராதிகா, அந்தக் கட்டில யாருக்குனா குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணி. மூணு மணிக்கு ஒருத்தர் வரார்."

"வேணா. குடுக்காத. நான் வந்துகினே கீறேன்."

போன் வைத்தாகிவிட்டது. அப்பா படுத்திருந்த கட்டில் என்ற பாசமாக இருக்கும் என்று ராதிகா நினைத்தாள். அதற்கு மேல் நினைக்க அவளிடம் தெம்பில்லை. சாவித்திரிக்கே இப்போது நேரம் சரியில்லை. காரியம் முடிந்த மறுநாள் அவள் கணவர் பூபாலன் பூந்தமல்லி பைபாஸில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறவளிடம் போய்க் கட்டிலுக்கு வாதாட வேண்டாம். வரட்டும், உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகட்டும். எப்படியும் மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும்.

பத்து மணிக்குத் தெருமுனைப் பூக்கடை எல்லம்மா வந்தாள். வந்தவள் நேராகச் சலைன் ஸ்டாண்டின் முன்னால் போய் நின்றாள்.

"இது இன்னா ராதிகா, உருட்டினா உருளுமா?"

"உருளும். கீழ சக்கரம் இருக்கு பாருங்க."

"மேல ரெண்டு கொக்கி கீது. மால தொங்க உட்டா சூப்பரா நிக்கும். இப்ப ஆணியில மாட்டிகினு, சொவத்துல பட்டுப் பட்டு பூவெல்லாம் வாடிப் போவுது."

"எடுத்துக்குங்க."

எல்லம்மா அதை ஒரு கையால் தள்ளிக்கொண்டே தெருவில் நடந்தாள். எதிரே வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்தி, யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார். "சாமந்திக்கு," என்று சொல்லிவிட்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள். வாசலில் நின்ற ராதிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே கொட்டாவியாக மாறியது.

பதினொரு மணிக்கு வானகரத்து முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து வேம்புலியம்மாள் என்ற வார்டன் ஆட்டோவில் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். டயாப்பர் பாக்கெட்டுகளையும் கமோடு நாற்காலியையும் வீல் சேரையும் அவள் கேட்டிருந்தாள். வீல் சேரின் இருக்கைத் துணியைத் தூக்கி அடியில் பார்த்தாள். பிரேக்கை அழுத்திப் பார்த்தாள்.

"எவ்ளோ நாள் படுக்கையில இருந்தாரும்மா?"

"மூணரை வருசம்."

"முதுகுல புண்ணு?"

"வரல."

"ஒண்ணு கூடவா?"

"இல்லைங்க."

வேம்புலியம்மாள் நிமிர்ந்து ராதிகாவைப் பார்த்தாள். "எங்க இல்லத்துல நாலு பேரு சம்பளத்துக்கு வேல செய்யறாங்க. எங்களாலயே முடியறதில்ல. ஒரு ஆளா செஞ்சிருக்கீங்க. பெரிய வேலைம்மா இது."

ராதிகா தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். காரியத்துக்கு வந்த நூறு பேரில் யாரும் அவளிடம் முதுகுப் புண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. நல்ல சாவு, புண்ணியவான், பேத்தி கையால் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போனார் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

சொம்பில் தண்ணீரோடு அவள் திரும்பி வந்தபோது சௌம்யா எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி முடித்திருந்தாள்.

சாவித்திரி வந்தபோது மணி பன்னிரண்டரை. கையில் ஒரு பையில் கொய்யாப்பழம். செருப்பைக் கழற்றியதும் நேராகக் கட்டிலில் போய் உட்கார்ந்து, "நைனா இங்கதானே தல வச்சிருப்பாரு," என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு அழுதாள். ராதிகா அவள் பக்கத்தில் நின்றாள். அழுது முடித்ததும் சாப்பாடு போட்டாள். வத்தக்குழம்பு, முட்டைகோஸ் பொரியல். சாவித்திரி சோற்றைப் பிசைந்தாளே தவிர, பார்வை கூடம் முழுக்கப் போய் வந்தது. மின்விசிறியைப் பார்த்தாள். குளியலறைக் கதவைப் பார்த்தாள்.

"அந்தக் கதவுல வீல் சேரு நொழையும் இல்ல?"

"நொழையும். ஆனா வீல் சேர குடுத்துட்டேன் அண்ணி."

சாவித்திரியின் கை தட்டில் நின்றது. "யாரக் கேட்டுக் குடுத்த?"

"யாரக் கேக்கணும்? மாமாதான் போயிட்டாரே."

"அது சரி. உடு, வேற பாத்துக்கலாம்." ஒரு வாய் சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். பிறகு ராதிகாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "வர வெள்ளிக்கெழம உங்க அண்ணன டிஸ்சார்ஜ் பண்றாங்க. மூணு மாசத்துக்குக் கால ஊனக்கூடாதாம். எங்க ஊடு மாடி. என் புள்ள லோகேசு பொண்டாட்டி வேற மாசமா கீறா. அதான், இங்க கொண்டாந்து போட்டுடலாம்னு. கட்டிலு கீது. கூடம் கீது. உனக்கும் கை பழகின வேல."

ராதிகா மோர்ப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஊற்ற வந்தவள் ஊற்றவில்லை.

"இதை யார்கிட்ட பேசினீங்க அண்ணி?"

"தம்பிகிட்டதான். வியாழக்கெழம போன் போட்டேன். ம்னு சொல்ட்டான். உங்கிட்ட சொல்லல?"

புதன்கிழமை எனக்கு ஒரு ம். வியாழக்கிழமை அவளுக்கு ஒரு ம். ராதிகா மோரை ஊற்றினாள். கொஞ்சம் தட்டுக்கு வெளியே சிந்தியது.

"அத்த, அம்மா திங்கக்கெழமலேந்து வேலைக்குப் போறாங்க," என்றாள் சௌம்யா.

"வேலைக்கா? இப்ப இன்னாத்துக்கு? நீ சம்பாரிக்கற, அவன் சம்பாரிக்கறான்."

சௌம்யா வாயைத் திறந்தாள். ராதிகா அவளிடம், "பால் தீந்து போச்சு. போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா," என்றாள். சௌம்யா இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

சாவித்திரி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்காமல் தானே கழுவத் தொடங்கினாள். ராதிகா பின்னால் நின்றாள். கோபம் வர வேண்டிய இடத்தில் ஓர் அசதிதான் வந்தது. படுத்துக்கொண்டால் போதும் போலிருந்தது.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். மாடின்னா நாலு பேரு தூக்கினா ஏத்திடலாம். ஏத்தின பிறகு அவர் எங்கியும் போகப் போறதில்ல. மருமகள நீங்க பாக்கச் சொல்லப் போறதில்ல. நீங்க இருக்கீங்க. அப்புறம் ஏன் இங்க?"

சாவித்திரி கழுவிய தட்டையே திரும்பக் கழுவினாள்.

"எனக்கு அருவருப்பா கீதுடி," என்றாள் கடைசியில். குழாயை மூடவில்லை. "ஆஸ்பத்திரில நர்சு துணி மாத்த வந்தா நான் வெளிய போய் நின்னுக்கறேன். முப்பது வருசம் கூட வாழ்ந்த மனுசன். அவரு என்னப் பாக்கறாரு, நான் எழுந்து போறத. எனக்குத் தெரியுது. ஆனா கால் நிக்க மாட்டேங்குது. நைனாவுக்கும் அப்படித்தான். ஞாயித்துக்கெழம வருவேனே, கட்டிலாண்ட உக்காந்துகினு, எப்படா எழுந்து போலாம்னே பாத்துகினு இருப்பேன். இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

ராதிகாவே கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"எனக்கும் வந்துது அண்ணி."

"உனக்கா?"

"மொதல் மூணு வாரம் சோத்துல கை வச்சா கொமட்டும். மாமாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு பக்கெட்ல தண்ணிய தெறந்து உட்டுட்டு வாந்தி எடுப்பேன்."

"அப்புறம் பழகிடுச்சா?"

"கை பழகிடுச்சு. மனசு பழகல. அது ஒரு ஓரமா நின்னுகினு இருக்கும். அப்படியே செய்ய வேண்டியதுதான்."

சாவித்திரி முந்தானையில் கையைத் துடைத்தாள். ஏதோ கேட்க வந்தாள். அதற்குள் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது.

மூன்று மணிக்கு முன்பே வந்துவிட்ட குட்டியானை லோடு வண்டி ஒன்று பின்பக்கமாகத் திரும்பி வீட்டு வாசலில் நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கியவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். அரை நாள் லீவு போட்டு நேராக வந்திருக்க வேண்டும். கொஞ்சம் கூனினாற்போல் நடந்தார்.

ராதிகா அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் சாவித்திரி வாசலுக்குப் போய்விட்டாள்.

"கட்டிலுக்கு வந்தீங்களா? கட்டிலு குடுக்கறதா இல்லைங்க. எங்க ஊட்லயே ஒருத்தரு படுக்கையில கீறாரு."

பாஸ்கரன் அவளைப் பார்த்தார். கூடத்துக் கட்டில் அவர் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அதையும் பார்த்தார். "அப்படியாம்மா. உங்க வீட்டுக்குத் தேவைன்னா நீங்கதான் வச்சுக்கிடணும். அதுல என்ன இருக்கு. நாங்க வேற எங்கயும் பாத்துக்கிடுதோம்." வண்டி ஓட்டுநர் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, திருப்பிருவோம்," என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. இப்படித் திரும்பிப் போவது அவருக்கு முதல் தடவை இல்லை போலும்.

"இருங்க," என்றாள் ராதிகா. "வீட்ல யாருக்கு?"

"வீட்டுக்காரிக்கும்மா. தலையில கட்டி எடுத்தாங்க. இடது பக்கம் வரல. வீட்டுக் கட்டில்ல படுக்க வச்சேன், உருண்டு விழுந்துட்டா. இப்ப இருபது நாளா தரையிலதான். குனிஞ்சு குனிஞ்சு தூக்குததுல எனக்கு இடுப்பு போயிட்டு." லேசாகச் சிரிக்கப் பார்த்தார். "அவளுக்கு முப்பத்தெட்டு வயசுதான் ஆவுது."

"நீங்க வேலைக்குப் போனா கூட யாரு?"

"பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா அப்பப்ப எட்டிப் பாப்பாங்க. ஊர்ல இருந்து சங்கரன்கோயில் சொந்தமெல்லாம் வந்தாங்க, பாத்தாங்க, போயிட்டாங்க."

ராதிகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"ஸ்பேனர் கொண்டாந்தீங்களா?" என்றாள்.

"ராதிகா," என்றாள் சாவித்திரி.

"காலையில இவருக்குச் சொன்ன சொல்லு அண்ணி. உங்க தம்பி உங்களுக்குச் சொன்னது அவரோட சொல்லு. அத அவருகிட்ட கேளுங்க."

உரத்துப் பேசவில்லை. பேசத் தெம்பும் இல்லை.

ஓட்டுநரும் பாஸ்கரனும் தடுப்புக் கம்பிகளைக் கழற்றினார்கள். தலைப் பக்கம் இறுகியிருந்த ஒரு போல்ட்டுக்கு ராதிகாவே தேங்காய் எண்ணெய் விட்டாள். பாலோடு திரும்பி வந்த சௌம்யா காற்று மெத்தையைச் சுருட்டி மோட்டாரோடு கட்டிக் கொடுத்தாள். கட்டில் பாகம் பாகமாக வாசல் தாண்டியது.

"இதக் கேட்டுக்கங்க," என்றாள் ராதிகா, வண்டியின் பக்கவாட்டில் நின்று. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் போடணும். இந்தப் பக்கம், நேரா, அந்தப் பக்கம். முதுகுக்குப் பின்னால தலகாணி ஒண்ணு, ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஒண்ணு. குதிகால் மெத்தையில அழுந்தக் கூடாது. தூக்கும்போது கையப் புடிச்சு இழுக்காதீங்க, தோள் எறங்கிடும். அடியில ஒரு போர்வைய மடிச்சுப் போட்டு, போர்வையோட சேத்து நகத்துங்க. உங்க இடுப்பும் தப்பிக்கும்."

பாஸ்கரன் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "இதெல்லாம் ஆஸ்பத்திரில ஒருத்தரும் சொல்லலையேம்மா."

"அவங்களுக்கு நேரம் ஏது."

"ராத்திரிலயுமா?" என்று ஒரு குரல் கேட்டது. சாவித்திரி வாசல் கேட்டுக்குள் நின்றிருந்தாள். "ராத்திரிலயும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையா?"

"ராத்திரிலயும்தான் அண்ணி."



பாஸ்கரன் வண்டியில் ஏறும் முன் கையெடுத்துக் கும்பிட்டார். நன்றி என்று சொல்லவில்லை. "அவ எழுந்துட்டான்னா கூட்டிட்டு வாரேம்மா," என்றார்.

வண்டி ஏரிக்கரை திரும்பி மறைந்தது. கூடத்தில் கட்டில் கால்கள் நின்ற இடத்தில் நாலு துருக் கறைகள் இருந்தன. கூடம் அவ்வளவு பெரியது என்பதையே ராதிகா மறந்துபோயிருந்தாள்.

சாவித்திரி கைப்பையை எடுத்துக்கொண்டாள். கொய்யாப்பழப் பை வைத்த இடத்திலேயே இருந்தது.

"நீ தப்பு பண்ணன்னு சொல்லல," என்றாள். "ஆனா இது எங்க நைனா ஊடு. இதுல எனக்கு ஒரு மூலை கூட இல்லன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"அண்ணி, நான் அப்படிச் சொல்லவே இல்ல."

சாவித்திரி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சௌம்யா வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

பரந்தாமன் ஆறரை மணிக்கு வந்தான். எஸ்டேட்டில் லேத் பட்டறையில் போர்மேன். உடம்பில் இரும்புத் தூள் வாடை. வந்தவன் கூடத்தின் நடுவில் நின்றான். வழக்கமாகக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போகிற இடத்தில், இப்போது எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவன் போல் நின்றான்.

"கட்டிலு போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அக்கா போன் பண்ணா. மெஷின் சத்தத்துல ஒண்ணும் காதுல உழல. அழுதான்னு மட்டும் தெரிஞ்சுது."

ராதிகா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து டீ போட வேண்டிய நேரம். எழுந்திருக்கவில்லை.

"புதங்கெழம எங்கிட்ட ம்னு சொன்னீங்க. வியாழக்கெழம அவங்ககிட்ட ம்னு சொன்னீங்க. எது நெசம்?"

பரந்தாமன் நாற்காலியில் உட்கார்ந்தான். உள்ளங்கையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் தேய்த்தான்.

"ரெண்டும் நெசம்தான். நீ கேட்டப்ப நீ போனா நல்லதுன்னு தோணுச்சு. அவ கேட்டப்ப இல்லன்னு சொல்ல முடியல. நைனா ஒண்ணும் எழுதி வைக்கல, ராதிகா. இந்த ஊட்டுல அவளுக்கும் சரி பாதி கீது. இன்னி வரைக்கும் அவ அத வாய் தெறந்து கேட்டதில்ல. நாம முடியாதுன்னு சொல்லி, நாளைக்கு அவ கேட்டுட்டா? ரெண்டு ரூம்பு, ஒரு கூடம். இத எங்க கூறு போடுவ? அதான்."

"அதான்?"

"அதான் ம்னேன்."

ராதிகா அவனையே பார்த்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவன் தன் பயத்தை வெளியே எடுத்து வைத்திருக்கிறான். அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததனால் வலி குறைந்துவிடவில்லை.

"அவங்க பங்கு கேக்காம இருக்கணும்னு, பதிலுக்கு என்னத் தூக்கிக் குடுத்தீங்க," என்றாள்.

உள் அறையில் சௌம்யா ஏதோ பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அது நின்றது.

ராதிகாவின் போன் அடித்தது. சாவித்திரி. எடுக்காமல் விடலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு எடுத்தாள்.

பின்னால் ஆஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சல். சாவித்திரி அழவில்லை. வேகமாகப் பேசினாள், நிறுத்தினால் பேச முடியாமல் போய்விடும் என்பது போல.

"ராதிகா, இங்க பெட்டு பத்தலயாம். வெள்ளிக்கெழம இல்லையாம், திங்கக்கெழம காலைல பத்து மணிக்கே கூட்டினு போங்கன்னுட்டாங்க. லோகேசு வாடகைக்கு ஒரு கட்டிலு சொல்லிட்டான். எங்க ஊட்லியே போட்டுக்கறோம். நாலு பேர வச்சு மாடிக்குத் தூக்கிடலாம்ன்றான். நான்தான் பாக்கப் போறேன். ஆனா எனக்கு ஒண்ணுமே தெரியாதுடி. அந்த ஆவடிக்காரருக்குச் சொன்னியே, போர்வ, தலகாணி, அதெல்லாம் பக்கத்துல நின்னு ஒரு வாட்டி காட்டு. திங்கக்கெழம ஒரு நாளு மட்டும் வா. அப்பால நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன். இந்த வார்த்தையை நாத்தனார் வாயிலிருந்து ராதிகா இதுவரை கேட்டதில்லை. குரலில் பொய் இல்லை. ஆனால் ஒரு நாள் என்கிறாள். மூன்றரை வருஷத்துக்கு முன்னால், கம்பெனிக்கு லீவு சொல்லச் சொல்லி, பரந்தாமன் கேட்டது ஒரு வாரம்.

முதல் நாளே வரவில்லை என்றால் பொன்னம்மாள் வேறு ஆளைப் போட்டுவிடுவாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

"அண்ணி, ஒரு நிமிசம் லைன்ல இருங்க."

"இன்னாவாம்?" என்றான் பரந்தாமன். சட்டையைக் கழற்ற எழுந்திருந்தான்.

"அண்ணன திங்கக்கெழமயே அனுப்பறாங்களாம். பூந்தமல்லிலயே வச்சுக்கறாங்களாம். எப்படித் திருப்பறது, எப்படித் துணி மாத்தறதுன்னு அன்னிக்கு ஒரு நாள் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்க ஆள் வேணுமாம்." ராதிகா போனை அவன் பக்கம் நீட்டினாள். "ஒன்பது மணிக்கு நான் கம்பெனி கேட்டுல நிக்கணும். மூணரை வருசமா பத்தடி தள்ளி உக்காந்து நீங்களும் பாத்துகினுதானே இருந்தீங்க. நான் வரேன்னு சொல்லவா, நீங்க வரேன்னு சொல்றீங்களா?"

பரந்தாமனின் விரல்கள் மூன்றாவது பொத்தானில் நின்றன.

போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. சாவித்திரி வைக்காமல் காத்திருந்தாள். ராதிகா நீட்டிய கையை மடக்கவில்லை.